‘கார்டை எடு!’: மறுத்து நின்ற பிரிட்டன்

2011 பிப்ரவரி 10. லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸ் பகுதியில் ஒரு கழிவுப் பட்டறை. பிரிட்டனின் குடிவரவுத் துறை அமைச்சர் டேமியன் கிரீன், கேமராக்கள் பார்த்திருக்க, ஹார்டு டிஸ்குகளை அரவை இயந்திரத்துக்குள் போட்டார். சுமார் 500 டிஸ்குகள், 100 பேக்கப் டேப்புகள். எல்லாம் தூள் தூளாகின. அவற்றில் இருந்தது பிரிட்டன் அரசின் ‘தேசிய அடையாளப் பதிவேடு’. அட்டை வாங்கியிருந்த சுமார் 15,000 பேரின் முகம், கைரேகை, முகவரி அத்தனையும் அதில் அடக்கம். அட்டைக்கு அவர்கள் ஆளுக்கு 30 பவுண்டு கட்டியிருந்தார்கள். அந்தப் பணம் திரும்பி வரவில்லை.

மக்களைப் பற்றித் திரட்டிய தகவலை ஓர் அரசு ஊரறியத் தன் கையாலேயே அழித்தது உலகத்தில் அபூர்வம். குடிமக்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ளத்தான் எந்த அரசும் ஆசைப்படும். தெரிந்ததை மறந்துவிடு என்று சொல்லி மறக்கவும் வைத்தார்கள் பிரிட்டன் மக்கள். அதுவும் இரண்டாவது முறையாக. 2025-ல் மூன்றாவது சுற்று தொடங்கியது. அடையாள எண் இல்லாமல் சிம் கார்டுகூட வாங்கிப் பழகாத நம்மூர் வாசகர்களுக்கு இது வேற்றுக்கிரகக் கதைபோலத் தோன்றலாம். அதனாலேயே இதை நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று காரணம், முப்பத்தொன்பது துறைகள்

முதல் அட்டை போரோடு வந்தது. 1939 செப்டம்பர் 29 இரவு நாடு முழுக்கக் கணக்கெடுப்பு. சுமார் 65,000 பேர் வீடு வீடாகப் போய் விவரம் எழுதி, அட்டை கொடுத்தார்கள். இரண்டாக மடித்த சாதாரண தாள் அட்டை. பெயர், முகவரி, எண் மட்டும்தான், புகைப்படம்கூடக் கிடையாது. குழந்தைகளுக்கும் உண்டு. படைக்கு ஆள் சேர்க்க, உள்நாட்டுப் பாதுகாப்புக்கு, ரேஷனுக்கு என்று அரசு சொன்ன காரணங்கள் மூன்று.

இந்த மூன்றில் ரேஷன்தான் சூட்சுமம். முதல் உலகப் போர்க் காலத்தில், 1915-ல் எடுத்த பதிவு சீக்கிரமே உபயோகமற்றுப் போயிருந்தது. வீடு மாறியவர்கள் அதைப் பதியவே இல்லை. அந்த அனுபவத்தைக் கூர்ந்து கவனித்திருந்த பதிவுத்துறைத் தலைவர் சில்வேனஸ் விவியன், இந்தத் தடவை அட்டையைச் சோற்றோடு முடிச்சுப் போட்டார். முகவரி சரியாக இல்லாவிட்டால் வெண்ணெயும் சர்க்கரையும் கிடைக்காது. மக்கள் தாங்களாகவே அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். கட்டாயம் என்று வாய் திறந்து சொல்லாமலே கட்டாயப்படுத்தும் இந்த வித்தையைப் பின்னால் வந்த எல்லா அடையாளத் திட்டங்களிலும் பார்க்கலாம்.

போர் 1945-ல் முடிந்தது, அட்டை முடியவில்லை. 1950 வாக்கில் பதிவேட்டைப் பயன்படுத்திய அரசு அமைப்புகளின் எண்ணிக்கை 39. சாலையில் வண்டியை நிறுத்தினால் போலீஸ்காரர் வாயிலிருந்து முதலில் வருவது ‘கார்டை எடு’ என்பதாகிவிட்டது.

1950 டிசம்பர் 7 அன்று வடக்கு லண்டனின் ஃபின்ச்லியில் கிளாரன்ஸ் வில்காக் என்பவரின் காரை வேகமாக வந்ததாகச் சொல்லி ஒரு கான்ஸ்டபிள் நிறுத்தினார். வில்காக் துணி வெளுக்கும் நிறுவனமொன்றின் மேலாளர், லிபரல் கட்சிக்காரர். அட்டையைக் கேட்டதும் முடியாது என்றார். இரண்டு நாளுக்குள் ஸ்டேஷனில் வந்து காட்டும்படி படிவத்தை நீட்டியபோது அதையும் வாங்க மறுத்தார். தான் ஒரு லிபரல், இந்த மாதிரிச் சங்கதிகளுக்கு எதிரானவன் என்பதே அவர் சொன்ன காரணம்.

வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. விஷயத்தின் கனம் கருதி 7 நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். 1951 ஜூன் 26-ல் தலைமை நீதிபதி கொடார்டு பிரபு தீர்ப்பு வாசித்தார். சட்டம் இன்னும் அமலில் இருப்பதால் வில்காக் செய்தது குற்றமே. ஆனால் கீழ் நீதிமன்றம் தண்டனை எதுவும் தராமல் விடுவித்தது சரிதான் என்று சொல்லிவிட்டு, போலீஸ் பக்கம் திரும்பினார். போர்க்காலத் தேவைக்குக் கொடுத்த அதிகாரத்தைச் சாதாரண வாகனச் சோதனைக்கு எடுத்துப் பயன்படுத்தினால், ஒழுங்காக இருக்கிற குடிமக்களும் சட்டத்தை மீறுகிறவர்களாவார்கள். போலீஸுக்கு உதவ வேண்டியவர்கள் வெறுப்போடு ஒதுங்குவார்கள் என்பது அவர் கருத்தின் சாரம். கொடார்டு இளகிய மனதுக்காரர் அல்லர். கடுமையான தண்டனைகளை ஆதரிப்பவர் என்றே பெயரெடுத்தவர். அவர் சொன்னதால் அந்த வார்த்தைக்கு எடை கூடியது.

அதே ஆண்டில் ‘பிரிட்டிஷ் ஹவுஸ்வைவ்ஸ் லீக்’ அமைப்பின் பெண்கள் நாடாளுமன்றத்துக்கு வெளியே கூடி அட்டைகளை அழித்தார்கள். 1952 பிப்ரவரியில் சர்ச்சில் அரசு அட்டையை ஒழித்தது. அட்டை போனாலும் அந்த எண்கள் முழுதாகப் போய்விடவில்லை. தேசிய மருத்துவச் சேவையின் நோயாளி எண்களாக அவை பல்லாண்டு தொடர்ந்தன.

அட்டை வேண்டாமா? பதிவேட்டில் நீ இருப்பாய்!

நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு, டோனி பிளேர் அரசின் உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெட் 2002-ல் அட்டைப் பேச்சை மறுபடி எடுத்தார். சொல்லப்பட்ட காரணங்கள் காலத்துக்கேற்ப மாறின: ஒரு நேரம் பயங்கரவாதம், ஒரு நேரம் சட்டவிரோதக் குடியேற்றம், ஒரு நேரம் உதவித்தொகை மோசடி. தொடக்கத்தில் கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மை அட்டைக்கு ஆதரவாகவே இருந்தது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று நாம் சொல்வதையே அங்கேயும் அவர்கள் மொழியில் சொன்னார்கள்.

2006 மார்ச் 30-ல் அடையாள அட்டைச் சட்டம் நிறைவேறியது. அதன் முதல் அட்டவணையைப் படித்தவர்களுக்குத்தான் விவகாரம் விளங்கியது. பெயர், பிறந்த இடம், கையெழுத்து, கைரேகை மட்டுமல்ல. இப்போது இருக்கும் முகவரி, முன்பு இருந்த முகவரிகள், பாஸ்போர்ட் எண், ஓட்டுநர் உரிம எண், காப்பீட்டு எண் எல்லாம் ஒரே இடத்தில். இவற்றைவிட முக்கியமான இன்னொன்று: பதிவேட்டிலிருந்து உங்கள் விவரம் எப்போது, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதும் பதிவாகும். வங்கியில் கணக்குத் தொடங்கினீர்கள், மருத்துவமனைக்குப் போனீர்கள், வேலைக்கு விண்ணப்பித்தீர்கள் என்றால், சரிபார்ப்பு நடக்கும் இடத்திலெல்லாம் ஒரு தடம் விழும். வருடக்கணக்கில் சேரும் அந்தத் தடங்களை அடுக்கிப் பார்த்தால் ஒரு மனிதரின் வாழ்க்கை முழுதும் தெரிந்துவிடும். வீடு மாறியதைத் தெரிவிக்காவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம்.

பிரபுக்கள் அவை இந்த மசோதாவைத் திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பியது. கடைசியில் ஒரு சமரசம் செய்தார்கள். பாஸ்போர்ட் எடுப்பவர் 2010 வரை அட்டை வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் அவர் விவரம் பதிவேட்டில் ஏறியே தீரும். எந்தப் பிரசாரக் கூட்டத்தாலும் இவ்வளவு தெளிவாக விளக்கியிருக்க முடியாது. அரசுக்கு வேண்டியிருந்தது அட்டை அல்ல, பதிவேடுதான்!

இதை முதலிலேயே பிடித்துக்கொண்டது 2004-ல் தொடங்கிய ‘நோ டு ஐடி’ இயக்கம். கட்சிச் சாயம் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். கன்சர்வேட்டிவ், லிபரல் டெமாக்ரட், பசுமைக் கட்சி, ஆளும் தொழிற்கட்சியிலேயே அதிருப்தியாளர்கள் என மற்ற எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒன்றாக நின்றார்கள். அடையாள அட்டைக்குப் பதிய மாட்டேன், வழக்கு நிதிக்கு 10 பவுண்டு தருவேன், இன்னும் 10,000 பேர் சேர்ந்தால் நானும் சேர்கிறேன் என்று 2005-ல் இணையத்தில் ஓர் உறுதிமொழி போட்டார்கள். 10,000 பேர் கெடு முடிவதற்குள் சேர்ந்தார்கள். சட்டத்தை மீறுவேன் என்று சொந்தப் பெயரில் எழுதிக்கொடுப்பது சாதாரணக் காரியமில்லை. எனக்கு இந்த இயக்கத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. ஒருவர் தனியாக மறுத்தால் அபராதம் கட்டுவார். பத்தாயிரம் பேர் மறுத்தால் அரசு கணக்குப் போட ஆரம்பிக்கும்.

கணக்கும் உதைத்தது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் 2005 ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 10 ஆண்டுகளில் திட்டம் 1,060 கோடி முதல் 1,920 கோடி பவுண்டு வரை விழுங்கும் என்றது அது. அரசு சொன்னது சுமார் 580 கோடி. உள்துறை அமைச்சர் சார்லஸ் கிளார்க் அறிக்கை மீது பாய்ந்தார். அடுத்த மாதமே, ஜூலை 7-ல், லண்டன் சுரங்க ரயில்களிலும் பேருந்திலும் குண்டு வெடித்து 52 பேர் இறந்தார்கள். அடையாள அட்டை இருந்திருந்தால் தடுத்திருக்க முடியுமா என்று கேட்டபோது, முடிந்திருக்குமென்று தோன்றவில்லை என அதே கிளார்க் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை மெச்சத்தான் வேண்டும். குண்டு வைத்தவர்கள் யாரும் அடையாளத்தை மறைத்துக்கொண்டவர்கள் அல்லர்.

காணாமல்போன இரண்டு டிஸ்க்

இத்தனை வாதத்தாலும் அசையாத பொதுமக்களை ஒரு தபால் உறை அசைத்தது. 2007 அக்டோபரில், வடகிழக்கு இங்கிலாந்தின் வாஷிங்டன் என்ற ஊரிலுள்ள வரித்துறை அலுவலகத்திலிருந்து, லண்டனில் இருக்கும் தேசியத் தணிக்கை அலுவலகத்துக்கு இரண்டு கம்ப்யூட்டர் டிஸ்குகள் அனுப்பப்பட்டன. குழந்தை உதவித்தொகை பெறும் குடும்பங்களின் முழுப் பட்டியல் அவற்றில் இருந்தது. பெற்றோர் பெயர், குழந்தைகள் பெயர், பிறந்த தேதி, முகவரி, வங்கிக் கணக்கு எண். தணிக்கையாளர்கள் வங்கி விவரம் வேண்டாமென்றே கேட்டிருந்தார்கள். அதைப் பிரித்தெடுக்க மெனக்கெடாமல் மொத்தமாக அனுப்பிவிட்டார்கள். டிஸ்குக்குக் கடவுச்சொல் உண்டு, குறியாக்கம் இல்லை. பதிவுத் தபாலிலும் போகவில்லை; வழக்கமான அலுவலகக் கூரியரில் போனது.

போய்ச் சேரவில்லை. இன்றுவரை கிடைக்கவும் இல்லை.

நவம்பர் 20 அன்று நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னார்: 2.5 கோடி பேரின் விவரம், 72.5 லட்சம் குடும்பங்கள். வரித்துறைத் தலைவர் பதவி விலகினார். தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் பெயர்கூட எங்கேயோ ஒரு டிஸ்கில் கிடக்கிறது என்று தெரிந்த தாய்மார்களிடம், உங்கள் கைரேகையையும் கொடுங்கள், பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று எந்த முகத்தோடு கேட்பது? எத்தனை பூட்டுப் போட்டாலும் பதிவேட்டை நடத்துவது அலுவலகத்தில் அவசரமாக வேலைபார்க்கும் மனிதர்கள்தான். அந்த வாரத்தில் பிரிட்டன் இதைப் பாடமாகப் படித்தது.

அதற்குப் பிறகு திட்டம் நொண்டியது. விமான நிலைய ஊழியர்களுக்கு முதலில் கட்டாயமாக்கப் பார்த்தார்கள். பைலட்டுகள் சங்கம் எதிர்த்தது. 2009-ல் புதிய உள்துறை அமைச்சர் ஆலன் ஜான்சன் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டார். மான்செஸ்டர்வாசிகள் விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். பெரிதாக யாரும் விரும்பவில்லை. 2010 தேர்தலில் வென்ற கூட்டணி அரசு கொண்டுவந்த முதல் சட்டங்களில் ஒன்று, அடையாள அட்டையை ஒழிக்கும் சட்டம். கொண்டுவந்தவர் உள்துறை அமைச்சர் தெரசா மே. அதன் முடிவுதான் எசெக்ஸ் பட்டறைக் காட்சி.

விடுதலை யாருக்கு?

வெற்றிக் கதையாக இங்கேயே முடித்துவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அட்டை உண்மையில் கட்டாயமானது வெளிநாட்டவருக்குத்தான். 2008 நவம்பரில் மாணவர்களும் மணவாழ்க்கைக்காக வந்தவர்களும் கைரேகை கொடுத்து அட்டை வாங்க வேண்டும் என்றானது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் படிக்கப்போன நம் பிள்ளைகளும் அதில் அடக்கம். 2010-ல் குடிமக்களின் அட்டை ஒழிந்தபோது இவர்களுடையது ஒழியவில்லை. எதிர்ப்பு இயக்கத்தின் மேடைகளிலும் அது பெரிய பிரச்சினையாகப் பேசப்படவில்லை. என் பார்வையில் அந்தப் போராட்டத்தின் ஓட்டை அங்கேதான் இருந்தது.

அந்த ஓட்டை வழியாக என்ன வந்தது? அட்டையை ஒழித்த அதே தெரசா மே, 2014, 2016 குடிவரவுச் சட்டங்களின் மூலம், வாடகைக்கு வீடு விடுபவரையும் வங்கியையும் காகிதம் கேட்க வைத்தார். ஆவணம் இல்லாதவருக்குத் தெரிந்தே வீடு கொடுத்தால் வீட்டு உரிமையாளருக்குச் சிறை என்றுகூட வந்தது. போலீஸ்காரர் கேட்ட ‘கார்டை எடு’ இப்போது வீட்டுக்காரர் வாயில்.

முதலில் அடிபட்டவர்கள் கரீபியன் தீவுகளிலிருந்து 1948-க்கும் 1973-க்கும் இடையில் சட்டப்படி வந்து குடியேறியவர்கள். ‘விண்ட்ரஷ்’ தலைமுறை என்பார்கள். பெற்றோரின் கையைப் பிடித்து வந்த குழந்தைகள் பலரிடம் தனியாக ஒரு காகிதமும் இல்லை. அரைநூற்றாண்டு வேலைபார்த்து வரி கட்டிய பின், நீ இங்கே இருக்கலாம் என்பதை நிரூபி என்றது அரசு. வந்திறங்கியதைக் காட்டும் பழைய அட்டைகளை உள்துறையே 2010-ல் அழித்துவிட்டிருந்தது. வேலை போனது, வீடு போனது, புற்றுநோய் சிகிச்சை நின்றது. குறைந்தது 83 பேர் நாடுகடத்தப்பட்டதை அரசே பின்னர் ஒப்புக்கொண்டது. இவர்கள் மடியில் எந்தக் கனமும் இல்லை. வழியெல்லாம் பயம் மட்டும் இருந்தது.

அட்டை இருந்திருந்தால் இவர்கள் தப்பித்திருப்பார்களே என்று ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் காகிதமே இல்லாதவருக்கு அட்டை கொடுக்கும் அலுவலகமும் முதலில் காகிதத்தைத்தானே கேட்டிருக்கும்? இங்கே கெட்டுப்போனது வேறு. ஒருவர் குற்றம் செய்தார் என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்பது பழைய மரபு. நான் இங்கே இருக்கத் தகுந்தவன் என்று ஒவ்வொரு வாசலிலும் மனிதர் நிரூபிக்க வேண்டும் என்பது புதிய வழக்கம். நிரூபிக்கும் சுமை தோள் மாறியதுதான் விண்ட்ரஷ் அநியாயத்தின் வேர்.

லண்டனில் வாழும் ஈழத்தமிழர்களுக்கு இதை யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. இலங்கையில் ஆட்பதிவுச் சட்டம் 1968-ல் வந்தது. 2014 வரை சிங்களப் பகுதிகளில் வழங்கிய அட்டையில் சிங்களம் மட்டும். வடகிழக்கில் வழங்கியதில் தமிழும் சேர்ந்து இருந்தது. சோதனைச் சாவடியில் நிற்கும் சிப்பாய் பெயரைக்கூடப் படிக்க வேண்டாம், அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் ஆளைத் தனியே நிறுத்திவிடலாம். 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு லாட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸ் எழுப்பிப் பேருந்துகளில் ஏற்றி வடக்கே அனுப்பியது. உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. ஐசி எனும் அடையாள அட்டை இல்லாமல் படலை தாண்டாத ஒரு தலைமுறை, அட்டையே இல்லாத நாடு என்று நம்பித்தான் லண்டனில் இறங்கியது.

மும்பையில் கிடைத்த உதாரணம்

2025 செப்டம்பர் 26-ல் பிரதமர் கீர் ஸ்டார்மர் அறிவித்தார்: டிஜிட்டல் அடையாளம் வரும், வேலையில் சேர அது கட்டாயமாகும். அதை எதிர்த்து நாடாளுமன்ற இணையதளத்தில் போட்ட மனுவில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். வட அயர்லாந்தின் முதலமைச்சர் மிஷல் ஓ’நீல், ஐரிஷ் அடையாளம் கொண்டவர்கள் மீதான தாக்குதல் இது என்றார். அடுத்த மாதம் மும்பை வந்த ஸ்டார்மர், ஆதாரை மாபெரும் வெற்றி என்று பாராட்டி, அதைக் கட்டியெழுப்பிய நந்தன் நிலேகனியைச் சந்தித்துவிட்டுப் போனார்.

எந்த ஆதாரைப் பார்த்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. ஏதாவது ஒரு ரேஷன் கடை வாசலில் கொஞ்சநேரம் நின்றிருந்தால், சிமென்ட் கலவையில் ரேகை தேய்ந்த சித்தாள் ஒருவர் கட்டைவிரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து மெஷினில் வைப்பதைப் பார்த்திருக்கலாம். “நல்லாத் தொடச்சிட்டு வைம்மா, ரேகை விழல” என்கிறார் விற்பனையாளர். அடுத்த விரல். அதற்கடுத்த விரல். பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. அந்த அம்மாவை அந்தத் தெருவில் அறியாதவர் இல்லை, விற்பனையாளர் உட்பட. மெஷினுக்கு மட்டும் தெரியவில்லை. மற்ற எல்லார் சாட்சியும் அங்கே செல்லாது.

இங்கேயும் மறுத்தவர்கள் உண்டு. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012-ல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கின் வழியாகத்தான் 2017 ஆகஸ்ட் 24-ல் 9 நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். 2018 செப்டம்பர் 26-ல், தனியார் நிறுவனங்கள் ஆதார் கேட்க வழிவிட்ட 57-ஆம் பிரிவும், வங்கிக் கணக்கு, செல்பேசி இணைப்புக் கட்டாயமும் ரத்தாகின. அரசின் உதவித் திட்டங்களுக்கும் பான் எண்ணுக்கும் கட்டாயம் நிலைத்தது. நீதிபதி சந்திரசூட் மட்டும் மொத்தச் சட்டமும் அரசியலமைப்புக்கு எதிரானது என்று தனித்து எழுதினார். ரேஷனோடு முடிச்சுப் போட்ட விவியனின் வித்தை, எண்பது ஆண்டு கழித்து நம்மிடம் நீதிமன்ற முத்திரையோடு தங்கிவிட்டது.

இப்போது

2026 ஜனவரியில் ஸ்டார்மர் அரசு பின்வாங்கியது. வேலையில் சேர டிஜிட்டல் அடையாளம் கட்டாயம் என்ற பகுதியைக் கைவிட்டது. மூன்றாவது சுற்றிலும் மறுத்தவர்கள் வென்றார்கள் என்று தலைப்புகள் வந்தன. வேலைக்கான சரிபார்ப்பு டிஜிட்டல் முறைக்கு மாறுவது மட்டும் தொடர்கிறது. எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பதில்தான் இப்போது தெரிவு. 2006-ல் அட்டை வேண்டாம் என்றவர்களுக்குக் கிடைத்த சலுகை நினைவிருப்பவர்கள் இனிக் கவனிக்க வேண்டியவை இரண்டு: சரிபார்ப்பின் தடம் எங்கே சேர்கிறது, எத்தனை நாள் இருக்கிறது. போன் இல்லாத முதியவருக்குக் காகிதத்தைக் காட்டி வேலையும் வீடும் பெறும் உரிமை சட்டத்தில் எழுத்தாக இருக்கிறதா என்பதையும் கேட்டாக வேண்டும்.

வெளிநாட்டவர் வைத்திருந்த பிளாஸ்டிக் அட்டைகளோ 2024 இறுதியோடு பெரும்பாலும் காலாவதியாகி, ‘இ-விசா’ வந்துவிட்டது. இப்போது ஈஸ்ட்ஹாமில் அறை தேடும் தமிழ் மாணவர் கையில் காட்டுவதற்கென்று ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. உள்துறையின் இணையதளத்துக்குள் நுழைந்து, 90 நாள் மட்டும் செல்லுபடியாகும் ‘ஷேர் கோடு’ ஒன்றை எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டும். இணையதளம் முரண்டுபிடித்தால் அறை கைமாறிவிடும். கட்டாயத்தைக் கைவிட்டோம் என்ற ஜனவரி அறிவிப்பு அவருக்குப் பொருந்தாது.